ஐந்து மாதம் டிபி மாத்திரை, அப்புறம்தான் பூஞ்சை என்று தெரிந்தது

மாமாவுக்கு இருமல் ஆரம்பித்தது ஆடி மாதம். டி.கல்லுப்பட்டிப் பக்கம் கிராமம். ஆடிக்காற்று புழுதியை வாரி வீட்டுக்குள் கொட்டுகிற அந்தக் காலத்தில் ஊரில் யார்தான் இருமவில்லை? அவரும் கஷாயம், மெடிக்கலில் வாங்கிய சிரப் என்று இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டார். புரட்டாசியில்தான் அத்தை கவனித்தார்: பெல்ட்டில் ஆணியால் குத்திப் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறார். சாயங்காலமானால் லேசான காய்ச்சல். விடியற்காலையில் பனியனைப் பிழிகிற மாதிரி வேர்வை. ஒருநாள் சளியில் நூல் போல ரத்தம்.

இதைக் கேட்டால் யாருக்கும் உடனே தோன்றுவது டிபிதான். மாமாவுக்கு 57 வயது, முப்பது வருடமாகச் சிகரெட். மருத்துவமனையில் முதல் நாள் ஒரு டப்பா, மறுநாள் காலையில் எழுந்ததும் இன்னொரு டப்பா என்று இரண்டு முறை சளி கொடுத்தார். இரண்டிலும் கிருமி இல்லை. டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனையிலும் இல்லை. ஆனால் எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு குழி தெரிந்தது. சளியில் கிருமி கிடைக்காவிட்டாலும் படத்தையும் ஆளையும் பார்த்து டிபி என்று முடிவெடுப்பது நம் நாட்டில் ஏற்கப்பட்ட முறைதான். உலகத்தின் டிபி நோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். இந்த நிலையில் மேல்நுரையீரலில் குழியோடு வருகிற ஒருவருக்கு அந்த மாத்திரையைத் தொடங்கிய டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் வருத்தம் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. மாமா எல்லைப் பாதுகாப்புப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். காலண்டரில் தேதிக்குத் தேதி டிக் போட்டு, ஒருநாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டார். இரண்டு மாதம் ஆனது, இருமல் குறையவில்லை. நான்கு மாதம் ஆனது, எடை இன்னும் மூன்று கிலோ இறங்கியது. போகும்போதெல்லாம் “மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?” என்றுதான் கேட்டார்கள். சாப்பிடுகிறேன் என்று அவர் சொன்னதை நம்பி, அப்படியானால் இது வேறு எதுவாவது இருக்குமோ என்று அடுத்த கேள்விக்கு யாரும் போகவில்லை.

ஐந்தாம் மாதம், பங்குனியில், அத்தை பிடிவாதமாக மதுரையில் வேறொரு நெஞ்சக நோய் டாக்டரிடம் கூட்டிப்போனார். நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் பழைய படங்களை வரிசையாக வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, நோயைப் பற்றி எதுவும் கேட்காமல் வேலையைப் பற்றிக் கேட்டார்.

“சர்வீஸ்ல எந்தெந்த ஊர்ல இருந்தீங்க?”

“ஜம்மு, அப்புறம் ராஜஸ்தான். கடைசியா மேற்கு வங்கத்துல மால்டா பக்கம் ஆறு வருஷம், டாக்டர்.”

“மால்டாவுல தங்குனது எப்படி? பழைய கட்டடமா?”

“பழைய குடோன் சார். மேல பூரா வௌவால். வாரம் ஒருக்க நாங்கதான் கூட்டி அள்ளுவோம்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அன்றுதான் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பெயரை நாங்கள் முதல்முறையாகக் கேட்டோம்.

ஹிஸ்டோபிளாஸ்மா கேப்சுலேட்டம் என்பது மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை. பறவை எச்சமும் வௌவால் புழுக்கையும் விழுந்து ஊறிய மண் அதற்கு விருந்து. அதிலுள்ள நைட்ரஜன் சத்தில் பஞ்சு போலக் கிளைத்து வளரும். அப்போது இரண்டு விதமான வித்துகளை உண்டாக்கும். பெரியவற்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஊமத்தங்காயேதான்: உருண்டையாக, சுற்றிலும் முள் முளைத்து. ஆய்வகத்தில் ஆளை அடையாளம் காட்டுவது அந்த முள்தான். ஆனால் நோயைக் கொண்டுவருவது சின்ன வித்து. இரண்டு முதல் ஐந்து மைக்ரான்தான் இருக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் சில நூறை வரிசையாக அடுக்கலாம். துடைப்பத்தால் ஒரு இழு இழுத்தால் போதும், தூசியோடு எழும்பி, மூக்கும் தொண்டையும் வடிகட்ட முடியாத அளவில் இருப்பதால் நேராக நுரையீரலின் கடைசி அறை வரை போய்விடும்.

உள்ளே போனதும் அது உருவத்தை மாற்றிக்கொள்கிறது. மண்ணின் சூட்டில் நூல் நூலாக இருந்தது, 37 டிகிரி உடல் சூட்டில் ஈஸ்ட் போல மொட்டு விடும் உருண்டையாகிவிடும். ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட் மாதிரியே, ஆனால் ரத்தச் சிவப்பணுவில் பாதி அளவுகூட இருக்காது. கிருமிகளை விழுங்குவதற்காகவே உடம்பு வைத்திருக்கும் செல்கள் இதையும் விழுங்கும். விழுங்கப்பட்ட இடத்திலேயே அது குடித்தனம் நடத்திப் பெருகும். டிபி கிருமியும் இதே செல்லுக்குள்தான் ஒளிந்திருக்கும். இரண்டு நோய்க்கும் உடம்பு காட்டுகிற எதிர்ப்பு ஒரே மாதிரி இருப்பதும், படத்திலும் சதைப் பரிசோதனையிலும் ஒன்றைப் போல இன்னொன்று தெரிவதும் இதனால்தான்.

இதை மூச்சில் இழுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எதுவுமே தெரியாது. ஒரு வாரம் சளிக்காய்ச்சல் போல வந்து போகும், அல்லது அதுவும் இருக்காது. நுரையீரலில் மட்டும் ஒரு சின்னச் சுண்ணாம்புப் பொட்டு தங்கிவிடும். நிறையத் தூசியை ஒரே நேரத்தில் இழுத்தவர்களுக்கு மூன்று முதல் பதினேழு நாட்களுக்குள் கடும் காய்ச்சல், நெஞ்சுவலி வரும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு, அதாவது எச்ஐவி உள்ளவர்கள், நீண்டநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களுக்கு, உடம்பு முழுவதும் பரவிவிடும். மாமாவுக்கு வந்தது நாட்பட்ட வகை. புகையால் ஏற்கெனவே அரித்துப்போன நுரையீரல் உள்ள நடுவயதைத் தாண்டிய ஆண்களைத்தான் அது பெரும்பாலும் தேடிப்பிடிக்கிறது. நுரையீரலின் மேல்பகுதியில், சிகரெட்டு உண்டாக்கிய வெற்றிடங்களில் குடியேறி, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் குழியைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். இருமல், மாலைக் காய்ச்சல், வேர்வை, எடைக்குறைவு, சளியில் ரத்தம். ஒன்றுவிடாமல் டிபியின் வேஷம்.

இந்த வேஷத்தில் ஏமாந்தது நாங்கள் மட்டும் இல்லை. இந்தக் கிருமியை முதன்முதலில் பார்த்தவரே அந்தக் குழப்பத்தின் நடுவில்தான் பார்த்தார். 1905 டிசம்பரில் பனாமா கால்வாய் வேலைக்கு வந்திருந்த மார்ட்டினிக் தீவுத் தச்சர் ஒருவர் இறந்துபோனார். பிரேதப் பரிசோதனை செய்த சாமுவேல் டார்லிங் என்ற அமெரிக்க மருத்துவர், நுரையீரல் முழுக்க டிபி போன்ற முடிச்சுகளைப் பார்த்தார், ஆனால் டிபி கிருமி இல்லை. செல்களுக்குள் குட்டி உருண்டைகள் இருந்தன. மணல் ஈ பரப்பும் காலா அசார் காய்ச்சலின் கிருமிக்கு உறவு என்று நினைத்து, ஒருசெல் ஒட்டுண்ணி என்று பெயர் வைத்துவிட்டார். அது பூஞ்சையாக இருக்கலாம் என்று பிரேசில்காரரான ரோச்சா லிமா 1912-ல் சொன்னார். ஆய்வகத்தில் வளர்த்து அதை உறுதி செய்ய 1934 ஆனது. மண்ணில் இருந்து பிரித்தெடுக்க 1949.

அமெரிக்காவில் 1940-களில் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. எக்ஸ்ரேயில் டிபி ஆறின மாதிரி சுண்ணாம்புப் பொட்டு இருக்கும், டிபி ஊசிச் சோதனை போட்டால் தடிப்பே வராது. இப்படிப்பட்டவர்கள் ஒஹையோ, மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். 1945-ல் பூஞ்சைக்கான தோல் சோதனையைச் செவிலியர் மாணவிகளுக்குப் போட்டுப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. அந்தப் பொட்டுகள் ஹிஸ்டோபிளாஸ்மாவின் தழும்புகள். அடுத்து டிபி நோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைத்த சானடோரியங்களுக்குள் போனார்கள். அங்கே டிபி நோயாளிகள் என்று கட்டிலில் கிடந்தவர்களில் சிலருக்கு இருந்தது டிபியே இல்லை, இந்தப் பூஞ்சைதான் என்று 1950-களில் தெரியவந்தது. அதுவரை அவர்கள் உண்மையான டிபிக்காரர்களுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் நம் ஊரில் தோப்பூர், ஆஸ்டின்பட்டி டிபி ஆஸ்பத்திரிக்குக் காலம்காலமாகப் போய்வந்த குடும்பங்களின் நினைவு எனக்கு வரும். வெற்றிலைப் பெட்டியில் மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிட்ட ஆட்களை நம் தலைமுறை பார்த்திருக்கிறது.

சரி, அமெரிக்க ஆறு இருக்கட்டும், நம் பக்கம் எப்படி? இந்தியாவில் முதல் நோயாளியின் விவரம் 1954-ல் கல்கத்தாவில் இருந்து வெளிவந்தது. 1975-ல் கங்கைச் சமவெளி மண்ணில் இருந்தே இந்தப் பூஞ்சையை சன்யாலும் தம்மய்யாவும் பிரித்தெடுத்தார்கள். அன்றிலிருந்து இந்தியப் பாடப்புத்தகத்தில் இதன் ஊர் கங்கைக்கரை என்று எழுதியாகிவிட்டது. மேற்கு வங்கம், பீகார், உத்தரப்பிரதேசம், வடகிழக்கு. தமிழ்நாட்டில் இருந்தும் மருத்துவ இதழ்களில் ஒன்றும் இரண்டுமாக நோயாளிகளின் விவரம் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் மதுரைப் பக்கம் ஒருவர் இருமிக்கொண்டு வந்தால் இது ஞாபகத்துக்கு வருவது அபூர்வம்.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஒரு நோயின் வழக்கமான பகுதி என்று வரைபடத்தில் நிறம் தீட்டியிருப்பது, பெரும்பாலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து தேடின பகுதி. தேடாத இடம் வெள்ளையாக இருக்கும். வெள்ளையாக இருப்பதால் அங்கே நோய் இல்லை என்று அடுத்தவர் நினைப்பார், அதனால் அவரும் தேட மாட்டார்.

இதற்கு மதுரையைவிட நல்ல சாட்சி கிடையாது. பூஞ்சை உலகத்தில் நம் ஊர்ப் பெயர் நிரந்தரமாகப் பதிந்திருக்கிறது. முள் குத்திய காலில் மண்ணில் இருந்து பூஞ்சையோ பாக்டீரியாவோ ஏறி, பாதம் வீங்கி, பல துளைகள் வழியே கடுகு கடுகாகக் குருணை வெளியேறும் நோயை 1842-ல் மதுரை மருந்தகத்தில் இருந்த ஜான் கில் என்ற மருத்துவர் எழுதிவைத்தார். 1846-ல் அதற்கு மதுரைப் பாதம் என்றே பெயர் விழுந்தது. பம்பாயில் இருந்த வான்டைக் கார்ட்டர், அவர்தான் கிரேயின் புகழ்பெற்ற உடற்கூறு நூலுக்குப் படம் வரைந்தவர், 1860 வாக்கில் அதற்கு மைசிடோமா என்று பெயர் கொடுத்து, காரணம் பூஞ்சை என்றார். அந்தப் பூஞ்சை இனத்துக்கு 1905-ல் மதுரெல்லா என்றே பெயரிட்டார்கள். வைகைக்கரையில் மட்டும் விளைந்த நோயா அது? இல்லை. சூடான், மெக்சிகோ, சோமாலியா, ராஜஸ்தான் என்று முள்ளும் வெறுங்காலும் இருக்கிற உலர்ந்த நிலமெல்லாம் உண்டு. அதை இன்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆராய்ச்சி பெரும்பாலும் சூடானில் இருந்து வந்தது. மதுரையின் பெயர் விழுந்ததற்குக் காரணம், மதுரையில் ஒரு டாக்டர் காலைக் குனிந்து பார்த்தார் என்பது மட்டுமே.

கண்ணில் வருகிற பூஞ்சையும் அப்படித்தான். நெல் தூற்றும்போதும் கரும்பு வெட்டும்போதும் சோகையோ தூசியோ கருவிழியில் பட்டுப் புண்ணானவர்களை அரவிந்த் கண் மருத்துவமனையில் பல வருடமாகச் சுரண்டி எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பழகியதால்தான் மதுரைப் பகுதியில் கருவிழிப் புண்களில் பூஞ்சைக்கு எவ்வளவு பங்கு என்று உலகத்துக்குத் தெரிந்தது. கண்ணுக்குப் பார்த்த மாதிரி நெஞ்சுக்கும் பார்த்தால் என்ன கிடைக்கும்?

அமெரிக்காவில் சமீபத்தில் அப்படித்தான் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே டாக்டர்கள் கையில் இருந்த வரைபடம் 1950, 60-களில் தோல் சோதனையை வைத்து வரைந்தது. செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, 2007 முதல் 2016 வரை முதியோர் காப்பீட்டில் பதிவான நோய்களை மாவட்ட வாரியாகப் பிரித்து, 2022-ல் வெளியிட்டது. ஹிஸ்டோபிளாஸ்மா நோய் குறிப்பிடத்தக்க அளவில் இருக்கும் ஒரு மாவட்டமாவது உள்ள மாநிலங்கள் 94 சதவீதம். இரண்டு ஆற்றுப் பள்ளத்தாக்கு நோய் என்று அரை நூற்றாண்டாகச் சொல்லிக்கொடுத்தது கிட்டத்தட்ட நாடு முழுவதும் இருந்தது. இதன் தூரத்துச் சொந்தமான இன்னொரு பூஞ்சை, கலிஃபோர்னியா, அரிசோனா பாலைவனத்துக்கே உரியது என்று கருதப்பட்டது. 2010-ல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே வாஷிங்டன் மாநிலத்தில், அந்த ஊரை விட்டு வெளியே போய் நோயை வாங்கியிருக்க வாய்ப்பில்லாத மூன்று பேருக்கு வந்தது. தோண்டிப் பார்த்தார்கள். அங்கே மண்ணிலேயே இருந்தது.

மதுரைக்கு அந்நிய ஊர்ப் பூஞ்சை வருவதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று ஆளின் நெஞ்சுக்குள்ளேயே பயணம் செய்து வருவது. மாமா மாதிரி மால்டாவிலும் சிலிகுரியிலும் பணிசெய்து ஊர் திரும்பிய படைவீரர்கள் உசிலம்பட்டி, பேரையூர், டி.கல்லுப்பட்டி வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். இந்தப் பக்கம், வங்காளத்தில் இருந்தும் அசாமில் இருந்தும் வந்து மதுரையின் கட்டட வேலையிலும் ஹோட்டல் அடுப்படியிலும் நிற்கிற பையன்கள். பூஞ்சை வருடக்கணக்கில் உள்ளே தூங்கும். உடம்பு தளரும்போது, சுகரோ ஸ்டீராய்டோ சேரும்போது விழிக்கும். இதைச் சொல்வதால் வடக்கில் இருந்து வருகிற பிள்ளைகளை யாரும் ஒதுங்கிப் பார்க்கக் கூடாது. இந்தப் பூஞ்சை ஒருவர் இருமி இன்னொருவருக்கு ஒட்டவே ஒட்டாது. மண்ணில் இருந்து மூச்சுக்கு, அவ்வளவுதான். மாமா வீட்டில் ஐந்து மாதம் தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைத்திருந்தார்கள். பேத்தியைத் தூக்கவிடவில்லை. ஹிஸ்டோபிளாஸ்மா என்று தெரிந்த அன்று டாக்டர் முதலில் சொன்னதே, “பேத்தியை மடியில வச்சுக்கலாம்” என்பதுதான்.

இரண்டாவது வழி உள்ளூர் மண். இந்தப் பூஞ்சைக்குப் பிடித்தது 22 முதல் 29 டிகிரி சூடு, நல்ல ஈரப்பதம், வருடத்துக்கு 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை என்று பழைய ஆய்வுகள் சொல்கின்றன. மதுரையில் பெய்வது சுமார் 850. வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செக்கானூரணிக் கரிசல் காட்டில் அது செழிக்கும் என்று தோன்றவில்லை. ஆனால் பூஞ்சை மாவட்ட சராசரியில் வாழ்வதில்லை, ஒரு பொந்தில் வாழ்கிறது. மதுரையைச் சுற்றி அப்படிப்பட்ட பொந்துகளுக்கா பஞ்சம்? கீழக்குயில்குடி சமணமலை, யானைமலை, அரிட்டாபட்டி என்று குடைவும் குகையுமான குன்றுகள். சித்திரை வெயிலிலும் அந்தக் குகைக்குள் நுழைந்தால் உடம்பு குளிரும், கால் வைத்தால் புழுக்கை மெத்தென்று அமுங்கும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரன் தலைமையில் வௌவால்களின் உடல் கடிகாரத்தைப் பற்றிப் புகழ்பெற்ற ஆய்வுகள் நடந்ததே, பல்கலைக்கழகத்தை ஒட்டிய குகைகளில் வௌவால்கள் அத்தனை இருந்ததால்தான். அதோடு கோபுரங்களின் உள்தளங்கள், பூட்டிக்கிடக்கும் பழைய வீட்டு மச்சுகள், மொட்டைமாடிப் புறாக்கூண்டுகள்.

பறவைக்கும் வௌவாலுக்கும் இதில் ஒரு வேறுபாடு உண்டு. புறாவின் உடல் சூடு 40 டிகிரிக்கு மேல், அதனால் பூஞ்சை அதைத் தாக்காது. அதன் எச்சம் மண்ணுக்கு எரு மட்டுமே. வௌவாலுக்கு நோயே வரும், புழுக்கையிலும் பூஞ்சை வெளியேறும், பறக்கிற இடமெல்லாம் விதைத்துக்கொண்டே போகும். இதைக் கேட்டுவிட்டு வௌவாலை விரட்டக் கிளம்ப வேண்டாம். வயல் பூச்சியை இரவெல்லாம் தின்பது அதுதான். கூட்டுகிற விதத்தை மாற்றினால் போதும்: காய்ந்த எச்சத்தை ஒருபோதும் உலர்வாகக் கூட்டக் கூடாது. தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிட்டு, ஈரத்தோடு மண்வெட்டியால் அள்ளி, சாக்கில் கட்ட வேண்டும். துண்டை மூக்கில் கட்டுவது பத்தாது, என்95 முகக்கவசம் வேண்டும். கும்பாபிஷேக வேலைக்குக் கோபுரத்துக்குள் ஏறுகிறவர்களுக்கும், மாசி வீதிப் பக்கம் பழைய வீட்டை இடிக்கிற ஆட்களுக்கும் இதை மேஸ்திரி சொல்லிக்கொடுத்தால் நல்லது.

மாமா கதைக்கு வருகிறேன். பிராங்காஸ்கோபி செய்து, அதாவது மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாயை விட்டு, நுரையீரலைக் கழுவிய நீரையும் துளி சதையையும் எடுத்தார்கள். வெள்ளிச் சாயம் ஏற்றிய அந்தக் கண்ணாடித் தகட்டை லேபில் இருந்த தங்கை எனக்குக் காட்டினார். வெளிர் பச்சைப் பின்னணியில் கரும்புள்ளிகள், கசகசாவைச் சிந்தின மாதிரி கொத்துக் கொத்தாக. உற்றுப் பார்த்தால் சிலதில் குறுகிய கழுத்தோடு ஒரு மொட்டு. கல்ச்சரில் வளர்ந்து உறுதியாக ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அழகர் ஆற்றில் இறங்கிவிட்டு மலைக்கும் திரும்பிவிட்டார். இந்தத் தாமதம்தான் இந்த நோயில் பெரிய சிக்கல். சிறுநீரில் கலந்து வரும் இந்தப் பூஞ்சையின் துணுக்கை (ஆன்டிஜென்) கண்டுபிடிக்கும் சோதனையை உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே அத்தியாவசியச் சோதனைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அது உடம்பு முழுக்கப் பரவிய நோயை விரைவாகக் காட்டும், நுரையீரலோடு நிற்கும் நாட்பட்ட வகையில் தவறவும் செய்யும். அதனால் சளியை, சதையைப் பூஞ்சைக்காகவும் பாருங்கள் என்று லேப் சீட்டில் ஒரு வரி எழுத வேண்டும். எழுதாவிட்டால் பார்க்க மாட்டார்கள்.

மருந்து இட்ராகொனசோல். நம் ஊரில் படர்தாமரைக்குக் கடைக்குக் கடை கொடுக்கிற அதே கேப்சூல்தான். முதல் மூன்று நாள் 200 மில்லிகிராம் மூன்று வேளை, பிறகு ஒருவேளையோ இருவேளையோ, குறைந்தது பன்னிரண்டு மாதம். நடுவில் நிறுத்தினால் திரும்பி வரும், முடித்த பிறகும் சிலருக்குத் திரும்பும். நோய் முற்றியவர்களுக்கு முதலில் ஆம்போடெரிசின் ஊசி போட வேண்டியிருக்கும்.

கேப்சூல் சாப்பிடுவதில் இரண்டு விஷயம் முக்கியம். இது வயிற்று அமிலத்தில்தான் கரையும், அதனால் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை போடுகிற பழக்கம் நம்மில் பாதிப்பேருக்கு இருக்கிறது. அமிலத்தை அடக்கும் அந்த மாத்திரையோடு போட்டால் இந்த கேப்சூலில் பெரும்பங்கு ரத்தத்தில் சேராமலே போய்விடும். இரண்டாவது இன்னும் தீவிரமானது. டிபி மருந்தில் இருக்கும் ரிஃபாம்பிசின், கல்லீரலை முடுக்கிவிட்டு இட்ராகொனசோலைச் சேர்ந்த வேகத்தில் அழித்துவிடும். டிபியா பூஞ்சையா என்று தெரியவில்லை, இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுவோம் என்பது இங்கே நடக்காது. ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் அந்த முடுக்கம் அடங்க இரண்டு வாரம் பிடிக்கும். மாமாவுக்கு டாக்டர் அதையும் கணக்குப் போட்டுத்தான் நாள் குறித்தார். கொழுப்பு மாத்திரைகளில் சிலது இதோடு சேராது. இதயம் பலவீனமானவர்களுக்கு இது ஆகாது. கல்லீரல் சோதனையை இடையிடையே பார்க்க வேண்டும்.

படிக்கிறவர்களில் யாராவது டிபி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இந்தக் கட்டுரையைப் பார்த்து அதை நிறுத்திவிட வேண்டாம். மதுரையில் மூன்று வாரம் இருமுகிறவருக்கு டிபி இருக்கிற வாய்ப்பும் இது இருக்கிற வாய்ப்பும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். சளியில் டிபி கிருமி கிடைத்தவருக்கு டிபிதான். இரண்டும் சேர்ந்தே வந்தவர்களும் உண்டு. டிபி ஆறி விட்டுச்சென்ற குழியில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற வேறு பூஞ்சை பந்து போலக் குடியேறுவது இதைவிட அதிகம் நடக்கிறது, அதற்கும் இருமலும் ரத்தமும்தான் அடையாளம். நான் பேசுவது ஒரு சிறிய கூட்டத்தைப் பற்றி: கிருமி ஒருமுறையும் கிடைக்காமல், படத்தை மட்டும் வைத்து மருந்து தொடங்கி, இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் இம்மியளவு முன்னேற்றம் காணாதவர்கள். வாயில் ஆறாத புண், காரணமில்லாத தலைசுற்றல், முகமும் கையும் கருத்துப்போவது சேர்ந்தால் இன்னும் கவனம் வேண்டும். இந்திய நோயாளிகளில் இந்தப் பூஞ்சை சிறுநீரகத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளை அடிக்கடி பிடிக்கிறது. அப்படிப்பட்டவர்கள் டாக்டரிடம் போகும்போது எந்த ஊரில் எத்தனை வருடம் இருந்தோம், என்ன வேலை, வௌவாலோ புறாவோ கோழியோ அருகில் இருந்ததா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். கேட்காவிட்டாலும் கொடுக்கலாம்.

அரசுப் பக்கத்திலும் ஒரு குறை இருக்கிறது. 2012 முதல் டிபி நோயாளி ஒவ்வொருவரையும் பதிவு செய்தாக வேண்டும். கொரோனா இரண்டாம் அலையில் கறுப்புப் பூஞ்சை வந்தபோது தமிழ்நாடு அதையும் 2021 மே மாதத்தில் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது, உடனே எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிந்தது, மருந்தும் வந்து சேர்ந்தது. ஹிஸ்டோபிளாஸ்மாவை 2022-ல் உலக சுகாதார நிறுவனம் முன்னுரிமைப் பூஞ்சைகள் பட்டியலில் உயர் பிரிவில் வைத்தது. அதே பிரிவில்தான் மதுரைப் பாதத்தின் பூஞ்சையும் இருக்கிறது. ஆனால் ஹிஸ்டோபிளாஸ்மா நோயாளிகளை எண்ணுவதற்கு இங்கே ஒரு ஏடு இல்லை. மதுரை அரசுப் பெரியாஸ்பத்திரி மாதிரி தென்மாவட்டமே வந்து நிற்கிற இடத்தில், மருந்துக்கு அடங்காத, கிருமி கிடைக்காத டிபி நோயாளிகளின் சளியை ஒரு வருடம் பூஞ்சைக்காகவும் பார்த்து எழுதிவைத்தாலே நம் வரைபடத்தின் வெள்ளை கொஞ்சம் நிறம் மாறும் என்று நான் நம்புகிறேன்.

தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது மாமாவுக்கு ஒன்பதாம் மாத மருந்து ஓடிக்கொண்டிருந்தது. ஆறு கிலோ ஏறியிருந்தார். சிகரெட்டை விட்டாயிற்று. திண்ணையில் உட்கார்ந்து போனில் சத்தமாக இந்தியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். மால்டா குடோனில் கூடத் தங்கியிருந்தவர்களின் நம்பரை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டு, இருமல் நின்றுபோகாமல் இருந்தால் டாக்டரிடம் குடோனைப் பற்றிச் சொல்லு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பீகார்க்காரர் ஒருவர், கோவில்பட்டிக்காரர் ஒருவர் என்று நான்கு பேர் கிடைத்திருக்கிறார்கள். கம்பம் ஊரில் இருக்கிற ஒருவர் மட்டும், தனக்கு இருமல் எதுவும் கிடையாது, ஆனால் ரிட்டயர்மென்ட் மெடிக்கலில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தது, பழைய டிபித் தழும்பு என்று எழுதிக்கொடுத்தார்கள், எனக்கு டிபி வந்ததே இல்லையே என்று அன்றைக்கே குழம்பினேன் என்றாராம். ஆறிப்போன பொட்டுக்கு மருந்து தேவைப்படாது என்று மாமா அவருக்கு விளக்கிவிட்டு, அடுத்த முறை மதுரைக்கு வரும்போது அந்தப் படத்தை மறக்காமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். டாக்டர் பார்க்க ஆசைப்படுவார் என்று.